செங்கம் சாலைக் கல்லுக்காக ஒரு வக்காலத்து

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, பேச வருகிறவர்களின் நீளத்தைத் தம் கைக்கடிகாரத்தால் அளந்துகொண்டிருக்கும் எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர், தியான மெத்தை தைப்பதில் தேசம் கடந்து பேர் வாங்கிய சாந்த் பாஷா பாய் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அம்மாள் எப்போது இறங்குவாள் என்று ஏங்கிக்கொண்டிருக்கும் செயலாளர், இயற்கை உணவக அதிபர் தம்பி குமரேசன் அவர்களே, முன்வரிசையை முழுக்க நிறைத்திருக்கும் முதுபெரும் வணிகர்களே, கூட்டம் முடிந்தால் காப்பி உண்டு என்ற நம்பிக்கையில் குடும்பத்தோடு வந்து குளிர்ந்த நாற்காலியில் குந்தியிருக்கும் தாய்மார்களே, ஒலிபெருக்கியை எனக்கு மட்டும் உயரம் குறைத்துத் தந்த உத்தமரே, இவர்கள் அத்தனை பேருக்கும் எதிரில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கும் தம்பி சக்கரவர்த்தியே, அவன் பக்கத்தில் யார் முகத்தையும் பாராமல் அமர்ந்திருக்கும் அவன் மனைவி சினேகாவே, உங்கள் ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் துணைத்தலைவியும், உங்களில் பாதிப் பேருக்குக் காலை இட்லியும் ஆகிய இந்த ரேணுகாம்பாளின் கைகூப்பு.

தலைவர் எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம். பாய், வணக்கம் சொன்னதை அதில் சேர்க்கக்கூடாது. சேர்க்கவில்லை என்று தலையசைக்கிறார். நன்றி.

இன்றைக்கு இந்த மண்டபத்தின் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஒன்று சின்னக் கேள்வி. சக்கரவர்த்தி போலிக் கல் விற்றான், ஆகவே அவனைச் சங்கத்திலிருந்து நீக்கி, செங்கம் சாலையில் அவன் போட்டிருக்கும் கடையை எடுத்துவிட வேண்டும் என்று செயலாளர் கொண்டுவந்திருக்கும் தீர்மானத்தை ஏற்பதா, வேண்டாமா? இன்னொன்று கொஞ்சம் பெரிய கேள்வி. மனிதன் தன் கைவேலையால் இந்தப் பூமியின் வரலாற்றில் ஒரு புதிய நிலவியல் யுகத்தையே தொடங்கிவிட்டானா, இல்லையா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மெத்தைக் கடையும் மெஸ்ஸும் ஜூஸ் கடையும் வைத்திருக்கிற நமக்கு மண்ணின் யுகத்தைப் பற்றி என்ன பேச்சு என்றுதானே சிரிக்கிறீர்கள்? ஆனால் அந்தப் பெரிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களால் முடியாது. முடியாது என்பதைக் காட்டிவிட்டு நான் இறங்கிவிடுகிறேன்.

முதலில் வழக்கைச் சொல்கிறேன். சக்கரவர்த்தியை உங்களுக்குத் தெரியும். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ரயிலடியிலிருந்து ஏற்றிவந்த ஆட்டோக்காரன். ஆட்டோவை விற்றுவிட்டு, குமரேசன் தம்பியின் உணவகச் சுவரை ஒட்டி, கை நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கிற அகலத்தில், மணிமாலையும் ருத்திராட்சமும் விற்கிற கடையைப் போட்டான். பெயர் சக்கரவர்த்தி. ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஏரிக்கரை ஓரத்துப் பள்ளத்தில் கரை சரிந்தது. அந்தப் பக்கம் போனவன் கண்ணில் ஏதோ மின்னியது. இறங்கிப் பார்த்தான். கற்கள். கருங்கல் சில்லும் மணலும் ஒன்றோடொன்று உருகிப் பிடித்துக்கொண்டிருக்க, அவற்றின் ஊடே நீலம், ஆரஞ்சு, வெள்ளி என்று நிறம் நிறமாக நரம்பு ஓடுகிற கற்கள். வேறு ஊர்க்காரன் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? ஏதோ கழிவு என்று காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பான். நம்ம ஊர்க்காரன் என்ன நினைப்பான்? மலையே நெருப்பு என்று பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன், மாதா மாதம் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருகிறவன், கார்த்திகைத் தீபத்தை மொட்டைமாடியில் நின்று கும்பிடுகிறவன், உருகின கல்லைப் பார்த்தால் என்ன நினைப்பான்? மலைக்குள்ளே இருக்கிற நெருப்புத்தான் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது என்று நினைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோணியில் போட்டு எடுத்துவந்தான். கழுவித் துடைத்துக் கயிறு கோத்து, 'அக்னிக் கல், அண்ணாமலையின் அடிவயிற்றில் வெந்தது' என்று பலகை எழுதி வைத்தான்.

அவன் மட்டுமா நம்பினான்? இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் வாங்கினீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நானே ஒன்று வாங்கிக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்துச் சந்தனம் தெளித்தேன். வைத்த வாரத்தில் வியாபாரம் ஜாஸ்தி ஆன மாதிரியும் இருந்தது. பள்ளி விடுமுறை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெங்களூரிலிருந்து வந்த ஒரு கனவான் அந்தக் கல்லை வாங்கிக் காரின் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் வரை. சித்திரை வெயில். நம்ம ஊர் வெயில். கல்லின் ஓரம் நெகிழ்ந்து, நாறி, நீட்டிக்கொண்டது. கல் நாறலாமா? அவர் கைப்பேசியை எடுத்தார், செங்கம் சாலையில் கல்லும் போலி, கடையும் போலி, காப்பி மட்டும் பரவாயில்லை என்று உலகத்துக்கே எழுதிப் போட்டுவிட்டார். நம்ம செயலாளர் தம்பி என் மெஸ்ஸுக்கு ஓடிவந்தார். "அக்கா, ஒருத்தனால ரோட்டுக்கே கெட்ட பேருக்கா. இவன விட்டா நாளைக்கி நம்ம கடைக்கும் எவனும் வரமாட்டான். கடைய எடுத்துரணும்" என்றார். நானும் சரி என்றேன். சொன்னேன், மறைக்கவில்லை. அப்போது எனக்கும் கோபம்தான்.

இப்போது கதைக்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா வருகிறார். ஆமாம், நீங்கள் பார்த்திருப்பீர்கள், சைக்கிளில் போவாரே, தொப்பி போட்டுக்கொண்டு, அவரேதான். இங்கிரிட் அம்மா. பல மாதமாக இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர்கள் ஊரில் பல்கலைக்கழகத்தில் பாறையைப் பற்றிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். காலையில் என் மெஸ்ஸில் இரண்டு இட்லி, சட்னி கம்மி. அன்று காசு கொடுக்க வந்தவர் கண், கல்லாப்பெட்டி மேலிருந்த கல்லில் விழுந்தது. எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். முகர்ந்தார். பிறகு, அவையோரே, அந்தக் கல்லை நாக்கால் நக்கினார்.

நான் சட்னி ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாறை படித்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். ஈரப்பட்டால் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று துலங்குமாம். நல்லவேளை, குங்குமம் வைக்காமல் சந்தனத்தோடு விட்டேன்.

"ரேணு அம்மா, இது எங்க கிடைச்சுது?" என்றார். "அது போலிம்மா, தூக்கிப் போடப் போறேன்"னேன். "யார் சொன்னது? இது ரொம்ப ரொம்ப உண்மை"ன்னார்.

கேட்டீர்களா? நாம் போலி என்கிறோம், பாறைக்கே பாடம் சொன்னவர் உண்மை என்கிறார். அடுப்பில் இட்லிக் கொப்பரையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

பூமி தன் கதையைப் பாறை அடுக்குகளில் வைத்திருக்கிறதாம். கீழே பழசு, மேலே புதுசு. ஒரு பெரிய மாற்றம் வந்தால் அடுக்கில் அதற்கு ஓர் அடையாளம் விழும். அந்த அடையாளத்தைப் பார்த்து, இங்கே ஒரு யுகம் முடிந்தது, இங்கே ஒன்று தொடங்கியது என்று பெயர் வைப்பார்கள். கடைசிப் பனிக்காலம் போன பிறகு வந்த, நாம் இப்போது குடியிருக்கிற யுகத்துக்கு ஹோலோசீன் என்று பெயர். அது முடிந்துவிட்டது, காற்றையும் கடலையும் மண்ணையும் மனிதன் புரட்டிப் போட்டதால் மனித யுகம், ஆந்த்ரோபோசீன், பிறந்துவிட்டது என்று ஒரு கட்சி. அவசரப்படாதீர்கள் என்று இன்னொரு கட்சி. பல வருடம் வாதாடி, கடைசியில் இரண்டாயிரத்து இருபத்து நான்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓட்டெடுத்தார்கள்.

பூமியின் வயதுக்கு ஓட்டெடுப்பு. நாம்தான் தெருவிளக்குக்கு ஓட்டெடுக்கிறோம் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டெடுத்ததில் புதிய யுகம் தோற்றுப்போனது. எந்தக் கட்சி ஜெயித்தது என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். ஐயா, மனிதன் ஒன்றும் செய்யவில்லை என்று ஜெயித்தவர்களும் சொல்லவில்லை. அவன் செய்தது எந்தத் தேதியில் தொடங்கியது என்பதில்தான் தகராறு. உழவு தொடங்கின அன்றா, ஆலை தொடங்கின அன்றா, அணுகுண்டு போட்டுப் பார்த்த அன்றா? கல்யாணம் நடந்துவிட்டது, பிள்ளையும் பிறந்துவிட்டது, முகூர்த்தம் எப்போது என்றுதான் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சரிம்மா, அதுக்கும் சக்கரவர்த்தி கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். சம்பந்தம் இருந்தது. உருகிய பிளாஸ்டிக்கும் பாறைத் துண்டும் மணலும் கலந்து இறுகின கல்லை, கடல் நடுவே ஒரு தீவின் கரையில் ஆய்வாளர்கள் ஏற்கெனவே கண்டு எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் எவராவது அடுக்கைத் தோண்டினால், மனிதன் இருந்தான் என்பதற்கு இதுவும் ஓர் அடையாளமாக நிற்கும் என்று அவர்கள் கருதுகிறார்கள். தீவு வரை போகத் தேவையில்லை, உன் கல்லாப்பெட்டி மேலேயே இருக்கிறது என்றார் இங்கிரிட் அம்மா.

நான் சும்மா விடுவேனா? அப்படியென்றால் உள்ளே என்ன இருக்கிறது, அறுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். வேங்கிக்காலில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து டைல்ஸ் அறுக்கிற மெஷினை வரவழைத்தோம். சக்கரவர்த்தியையும் சினேகாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அறுத்தோம்.

தலைவர் அனுமதித்தால் அந்தக் கல்லை மேடையில் காட்டுகிறேன். குமரேசன் தம்பி எழுந்து வேண்டாம் என்கிறார். கூட்டம் தொடங்குமுன்பும் என்னைத் தனியாக அழைத்து வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் புரியும். பாய் அனுமதித்துவிட்டார். இதோ.

விளக்கை இந்தப் பக்கம் திருப்புங்கள். பாருங்கள், வெட்டின முகம் பளபளவென்று இருக்கிறது. இந்தக் கறுப்பு, நம்ம மலையின் சில்லு. கோடி கோடி ஆண்டு. அதைக் கட்டிப் பிடித்திருக்கிற இந்த நீலம், பால் பாக்கெட். ஆரஞ்சு, கற்பூர டப்பாவின் மூடி. வெள்ளி, சிப்ஸ் உறை. இந்த வெள்ளைப் புள்ளிகளைப் பாருங்கள், முத்துப் போல வரிசையாக. முத்து இல்லை, தெர்மாகோல் உருண்டை. இந்தச் சாலையில் தெர்மாகோல் உருண்டையை மெத்தைக்குள் அடைத்துத் தைக்கிறவர் எத்தனை பேர்? பாய், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நேரம் இருக்கிறது.

இந்த மூலையில் மஞ்சள் நூலில் இரட்டை முடிச்சு தெரிகிறதா? சாம்பார் பார்சலுக்கு இரட்டை முடிச்சு போடுகிற மெஸ் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். கவர் உருகிவிட்டது, முடிச்சு நிற்கிறது. என் முடிச்சு நெருப்பிலும் அவிழாது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா, அவமானப்படலாமா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியாக இது. பச்சைப் பட்டை. எழுத்து கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. கண்ணாடி போட்டவர்கள் முன்னால் வரலாம். 'ஆர்கானிக்' என்று இருக்கிறது. கீழே ஓர் இலைப் படம். குமரேசன் தம்பி, உட்காருங்கள், நான் பேரைச் சொல்லவே இல்லை.

அந்த ஏரிக்கரைப் பள்ளம் மலையின் அடிவயிறு இல்லை, அன்பர்களே. நம்ம அடிவயிறு. பௌர்ணமிக்கு மறுநாள் கூட்டிப் பெருக்கி, வண்டி வரவில்லை என்று கொண்டுபோய்க் கொட்டி, நாற்றம் தாங்காமல் நாமே கொளுத்திவிட்டு வருகிறோமே, அந்தப் பள்ளம். வருஷக்கணக்காகக் கொளுத்தினோம். உருகினது, மண்ணைப் பிடித்தது, மலைச் சில்லைப் பிடித்தது, இறுகினது, மேலே மண் மூடினது, அதன்மேல் மறுபடி கொட்டினோம். எந்த மலையும் இதைச் செய்யவில்லை. எந்தத் தெய்வமும் இதைச் செய்யவில்லை. செயலாளரும் தலைவரும் துணைத்தலைவியும் செய்தோம்.

அறுத்து முடித்ததும் நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகுதான் சக்கரவர்த்தியைப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். "அக்கா, நான் யாரையும் ஏமாத்தலக்கா. சத்தியமா சாமிக் கல்லுனுதான் நெனச்சேன். வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துலயே ஒண்ணு வெச்சிருக்கேன், வந்து பாருங்க. தெனம் பூ போடறா சினேகா" என்றான். சினேகா அழவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "கடைய எடுத்துட்டா நாங்க எங்க போறதுக்கா? ஆட்டோவும் இல்ல இப்ப." நம்முடைய குப்பைக்குப் பூ போட்டுக் கும்பிட்ட பெண்ணைத்தான் நாம் இன்று தெருவில் நிறுத்தப் பார்க்கிறோம்.

ஆகவே அவையோரே, இப்போது சொல்லுங்கள். இது கல்லா, குப்பையா?

கல் என்றால், அவன் விற்றது கல். நெருப்பில் வெந்தது என்று எழுதினான், வெந்ததுதான். இந்த மண்ணில் பிறந்தது என்று சொன்னான், பிறந்ததுதான். இடத்தைத் தவறாகச் சொன்னான், தெரியாமல் சொன்னான். பெங்களூர்க் கனவானுக்குப் பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டான். போலி எங்கே இருக்கிறது? ஆனால் இது கல் என்று ஒப்புக்கொண்டால், மனிதன் புதுக்கல் படைத்துவிட்டான், யுகம் மாறிவிட்டது, மாற்றினவர்களின் பெயர்ப் பட்டியலில் செங்கம் சாலை வியாபாரிகள் சங்கமும் இருக்கிறது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குப்பை என்றால், அவனை நீக்கலாம், தாராளமாக நீக்கலாம். ஆனால் குப்பைக்குச் சொந்தக்காரன் அவனா? அவன் ஒரு பால் பாக்கெட்டையாவது கொட்டினானா? நம்ம பொருளை நமக்கே கழுவித் துடைத்துக் கயிறு கோத்துக் கொடுத்தவனைத் திருடன் என்பீர்களா?

எத்தனை அரசர்கள் நம்ம கோயிலுக்கு வந்தார்கள். எத்தனை பேர் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று சுவரெல்லாம் எழுத்து வெட்டினார்கள். விளக்கு நெய்க்கு ஆடு கொடுத்தவன் வெட்டினான், வெற்றி பெற்றவன் வெட்டினான், வேண்டுதல் நிறைவேறினவன் வெட்டினான். கல்லில் இடம் பிடிக்க அவர்களுக்கு நிலமும் பொன்னும் தேவைப்பட்டன. நமக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. ஒரு தீப்பெட்டி போதுமாக இருந்தது. மன்னர்கள் கல்லின் மேல் எழுதினார்கள், நாம் கல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டோம். கைதட்டாதீர்கள். இதற்குக் கைதட்டினால் நமக்கு வெட்கமே இல்லை என்று அர்த்தம்.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என் இட்லியின் ருசி சாயங்காலம் வரை நிற்காது. என் குரல் இந்த மண்டபத்தைத் தாண்டாது. என்னைத் தெரிந்தவர்கள் போனால் என் பெயரும் போகும். அதற்குப் பிறகும் கிடக்கப்போவது இதுதான் என்றால், நான் என்னத்தை வாழ்ந்தேன் என்று இருக்கிறது. இதை நினைத்து மூன்று நாளாக மாவு ஆட்டும்போதெல்லாம் சண்டைக்கு நிற்கிறேன். யாரோடு சண்டை என்றுதான் தெரியவில்லை.

பாய் எழுந்துவிட்டார். முடிக்கிறேன், பாய்.

செயலாளரின் தீர்மானத்தை ஓட்டுக்கு விடச் சொல்கிறேன். உலகத்து அறிஞர்களுக்கு மட்டும்தான் ஓட்டா? நமக்கும் உண்டு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது போலி, இது கல்லே இல்லை, வெறும் குப்பை என்பவர்கள் எழுந்து நிற்கலாம். எழுந்து நிற்கிறவர்கள் வரிசையாக மேடைக்கு வந்து, தங்கள் தங்கள் பங்கை இந்தக் கல்லிலிருந்து பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். சுத்தி வைத்திருக்கிறேன். உளியும் இருக்கிறது. என் முடிச்சை நான் முதலில் முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை.

எழுங்கள்.

என்ன, மண்டபமே பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கிறது? மூலையில் எழுந்தவர் தண்ணீர் குடிக்கப் போகிறாராம், போய் வாருங்கள். வேறு யாரும் இல்லையா? குமரேசன் தம்பி எழுகிறார். வாருங்கள் தம்பி. மைக்கில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன்க்கா." கேட்டதா? இன்னொன்றும் சொல்கிறார். "பள்ளத்துல இனிமே யாரும் கொளுத்தக் கூடாதுன்னு வேற தீர்மானம் எழுதிக்கலாம்க்கா." இப்போது கைதட்டுங்கள். தாராளமாகத் தட்டுங்கள். தம்பி, உன் மேல் எனக்கிருந்த வருத்தம் இந்தக் கைதட்டலோடு போயிற்று.

தம்பி சக்கரவர்த்தி, நிமிர்ந்து உட்கார். நாளைக்குக் கடையைத் திற. கல்லையும் வை, வைக்காமல் இருக்காதே. யாராவது எடுத்துப் பார்த்து, இவ்வளவு அழகாக இருக்கிறதே, இதைச் செய்தது யார் என்று கேட்டால், கதை எதுவும் சொல்லாதே. கடையைவிட்டு வெளியே வா. இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் கையைக் காட்டு. நாங்கள் அத்தனை பேரும் அவரவர் வாசலில் நின்று, நாங்கள்தான் என்று கும்பிடு போடுகிறோம்.

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், தீர்மானத்தை விட்டுக்கொடுத்த செயலாளருக்கும், காப்பி ஆறிப்போவதைப் பற்றிக் கவலைப்படாத தாய்மார்களுக்கும் என் நன்றியைச் சொல்லி, மலையைப் பார்த்து ஒரு வணக்கம், உங்களைப் பார்த்து ஒரு வணக்கம், இனிமேல் தோண்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு மன்னிப்பு என்று கூறி அமர்கிறேன்.